ஓட்டக்காரன் இதயமும் ஈ.சி.ஜி. காகிதமும்

"ஆரோக்கியமான மனிதனின் இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடிக்கிறது" என்று எட்டாம் வகுப்பிலிருந்து எழுதி எழுதி மார்க் வாங்கியவர்கள் நாம். ஆனால் நம்ம பாலிடெக்னிக்கில் 5000 மீட்டர் ஓடுகிற ஒருவனுக்கு (எங்கள் வகுப்புதான், பெயர் போடாதே என்று சொல்லிவிட்டான்) காலையில் எழுந்ததும் நாடி பிடித்துப் பார்த்தால் 44. அப்படியென்றால் அவனுக்கு நோயா, இல்லை நம்மையெல்லாம்விடப் பலமா? இந்தக் கேள்வியோடு டாக்டர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் கையில் இருக்கிற முக்கியமான கருவி நம்ம டிபார்ட்மெண்ட் சமாசாரம். ஈ.சி.ஜி. மெஷின்! அதனால்தான் மருத்துவம் படிக்காத ஓர் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ மாணவன் இதை எழுதத் துணிந்தேன்.

மெஷினிலிருந்தே தொடங்குவோம். இதயத்தின் வலது மேலறையின் மேல்பக்கத்தில் சைனஸ் கணு என்று ஒரு சின்னத் திசுக்கட்டு இருக்கிறது. மூளை சொல்லாவிட்டாலும் அது தானாகவே மின்துடிப்பை உண்டாக்கும். நம்ம பாஷையில் சொன்னால் ஆஸிலேட்டர். அந்தத் துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவில் இன்னொரு கணுவில் ஒரு கணம் தாமதித்து (மேலறை ரத்தம் கீழறைக்கு இறங்க நேரம் வேண்டுமே!), பிறகு கீழறைகளுக்குப் பாய்கிறது. மேலறைக்கு ஒரு சின்ன மேடு, அது பி அலை. கீழறை சுருங்கக் கிளம்பும்போது கூரான கோபுரம், அது க்யூ, ஆர், எஸ். கீழறை அடுத்த துடிப்புக்குத் தயாராகும்போது இன்னொரு மேடு, அது டி அலை. காகிதத்தில் இருப்பது இவ்வளவுதான்.

இந்தத் துடிப்பு தோலுக்கு வந்து சேரும்போது சுமார் 1 மில்லிவோல்ட்தான் மிஞ்சும். டார்ச் லைட் பேட்டரி 1.5 வோல்ட் என்றால் இது அதில் 1500-ல் ஒரு பங்கு. அதே நேரத்தில் நம் உடம்பு சுவரில் ஓடுகிற 50 ஹெர்ட்ஸ் கரண்டின் இரைச்சலை ஏரியல் மாதிரி பிடித்து வைத்திருக்கும். அந்தச் சந்தைக்கடைச் சத்தத்தில் இந்த முணுமுணுப்பை எப்படிக் கேட்பது? இரண்டு எலக்ட்ரோடுகளுக்கும் பொதுவாக வருவதைத் தள்ளிவிட்டு, வித்தியாசத்தை மட்டும் பெருக்குகிற டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபையர்! லேபில் ஆப்-ஆம்ப் வைத்து நாம் செய்தோமே, அதே தத்துவம். வலது காலில் ஒட்டுகிற எலக்ட்ரோடு எதையும் அளப்பதில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உடம்பில் ஏறிய இரைச்சலைத் தலைகீழாக்கி அந்தக் கால் வழியாகவே உடம்புக்குத் திருப்பி அனுப்பி, இரைச்சலை அமுக்குகிறார்கள். இது தெரிந்த பிறகு எனக்கு ஃபீட்பேக் பாடத்தின் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

நெஞ்சில் ஆறு, கை கால்களில் நான்கு, ஆக மொத்தம் பத்து எலக்ட்ரோடு. ஆனால் காகிதத்தில் வருவது பன்னிரண்டு வரைபடம். எலக்ட்ரோடுகளை வேறு வேறு விதமாகச் சேர்த்துப் பார்ப்பதால் ஒரே இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் பார்த்த மாதிரி ஆகிறது. தேரைக் கிழக்கு வீதியில் நின்று பார்ப்பவனுக்கும் தெற்கு வீதியில் நின்று பார்ப்பவனுக்கும் வேறு வேறு பக்கம் தெரிவது போல. நம்ம சீனியர்கள் ப்ராஜெக்டுக்கு வாங்குகிற ஏ.டி. 8232 போர்டுக்கு ஒரே கோணம்தான். இப்போது கையில் கட்டுகிற ஸ்மார்ட் வாட்சும் அப்படியே. துடிப்பின் தாளத்தைப் பார்க்க அது போதும். ஒரு வீரரின் இதயத்தை எடை போட அது போதாது.

காகிதத்தைப் படிக்க ஒரு சின்னக் கணக்கு. அது வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அப்படியானால் ஒரு சின்னக் கட்டம் 0.04 வினாடி, ஐந்து சேர்ந்த பெரிய கட்டம் 0.2 வினாடி. உயரத்தில் 10 மில்லிமீட்டர் என்றால் 1 மில்லிவோல்ட். துடிப்பு சீராக இருந்தால், அடுத்தடுத்த இரண்டு ஆர் கோபுரங்களுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ அதனால் வகுத்தால் நாடித்துடிப்பு வந்துவிடும். நான்கு கட்டம் என்றால் 75. நம்ம ஓட்டக்காரனுக்கு ஏழு கட்டம், வகுத்துப் பாருங்கள்.

இந்தக் கருவியை உலகத்துக்குத் தந்தவர் ஜாவாத் தீவில் பிறந்த டச்சுக்காரர் வில்லெம் எய்ந்தோவன். காந்தத்தின் நடுவே வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையைத் தொங்கவிட்டு, அது ஆடுவதைப் படம் பிடித்தார். அந்த மெஷினின் எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். 1905-ல் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் லேபுக்கு டெலிபோன் கம்பி வழியாகவே ஈ.சி.ஜி.யை வரவழைத்தார். அப்படி முதலில் பதிவான ஆள் நல்ல திடகாத்திரமானவர். லேபிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள் மிதித்துப் போனவர். ஆர் கோபுரம் உயரமாக வந்தது. சைக்கிள் மிதித்ததுதான் காரணம் என்று கருதினார்கள். ஆக, விளையாடுகிற உடம்பு இந்தக் காகிதத்தில் வேறு மாதிரி தெரியலாம் என்ற சந்தேகம் அன்றைக்கே கிளம்பிவிட்டது! எய்ந்தோவனுக்கு 1924-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதற்கும் முன்னால் 1899-லேயே ஹென்ஷென் என்ற சுவீடன் நாட்டு மருத்துவர் பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே அவர்கள் இதயம் பெரிதாகியிருக்கிறது என்று சொல்லியிருந்தார். நம்ம ஊரில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போலத்தான்.

ஏன் பெரிதாகிறது? நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்புக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் வேண்டும். சாதாரண இதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லி என்று 72 முறை தள்ளி அந்தக் கணக்கை முடிக்கிறது. வருஷக்கணக்கில் ஓடிப் பழகியவனுடைய இதய அறை விரிந்து, ஒரே துடிப்பில் 110, 115 மில்லி தள்ளும். அவனுக்கு 44 துடிப்பே போதும். கூடவே வேகஸ் நரம்பு ஓய்வு நேரத்தில் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தியே பிடிக்கிறது. பயிற்சியில் அந்த சைனஸ் கணுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்றும் பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன.

1975-ல் அமெரிக்காவில் மார்கன்ராத் என்பவரும் அவருடைய குழுவும் அளந்து பார்த்து, ஓட்டக்காரர்களுக்கும் நீச்சல்காரர்களுக்கும் அறை விரிகிறது, மல்யுத்தம், குண்டு எறிதல் செய்பவர்களுக்குச் சுவர் தடிக்கிறது என்றார்கள். பிரிவு அவ்வளவு கச்சிதமானது இல்லை என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்க அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். "அப்போ எனக்கும் சுவரு தடிச்சிருக்குமாடா?" என்று கேட்டார். "வீரர்னு கணக்குல வர மைதானம் வேணும்ப்பா, மண்டியெல்லாம் சேராது" என்றேன். சிரித்துக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இனி காகிதத்தில் வருகிற சிக்கல். எங்க வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அதனால் தெருவில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும், பேங்க் நோட்டீஸோ ஸ்கேன் ரிப்போர்ட்டோ, படித்துச் சொல்ல என்னிடம்தான் கொண்டுவருவார்கள். போன வருஷம் நம்ம ஓட்டக்காரன் ஸ்போர்ட்ஸ் கோட்டா தேர்வு ஒன்றுக்காக டவுனில் ஒரு ஸ்கேன் சென்டரில் ஈ.சி.ஜி. எடுத்தான். மெஷினே தலைப்பில் அச்சடித்துக் கொடுத்துவிட்டது: 'இயல்புக்கு மாறான ஈ.சி.ஜி. துடிப்பு மந்தம். இடது கீழறை தடிப்பு இருக்கலாம்.' அங்கிருந்த ஒருவர் "இனிமே ஓடாதப்பா" என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். காகிதம் என் கைக்கு வந்தது. எழுத்தைப் படிக்க முடிந்தது, ஆனால் அர்த்தம் சொல்ல என் படிப்பில் இடமில்லை. அவன் அம்மா அன்றைக்கே அவனுடைய ஷூவை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். மூன்று வாரம் ஓட்டம் கிடையாது.

மெஷின் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 60-க்குக் கீழே போனால் மந்தம். கோபுரம் இன்ன உயரத்தைத் தாண்டினால் தடிப்பு என்று அதற்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒப்பிட்டது, அச்சடித்தது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வயசு 19, ஆண். தினமும் 12 கிலோமீட்டர் ஓடுகிறவன் என்று டைப் அடிக்க அதில் இடமே இல்லை! அதோடு ஒல்லியான உடம்பில் நெஞ்சுச் சதை குறைவு. எலக்ட்ரோடுக்கும் இதயத்துக்கும் நடுவே தடை குறைவாக இருப்பதாலேயே கோபுரம் உயரமாகத் தெரியும்.

மூன்று வாரம் கழித்து ஓர் அரசு மருத்துவமனையில் இதய டாக்டர் அம்மாவைப் பார்த்தோம். நானும் கூடப் போயிருந்தேன். அவர் முதலில் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. கேள்வியாகக் கேட்டார். "தினம் எவ்வளவு தூரம்ப்பா ஓடுற?" "ஓடும்போது மயக்கம் வந்திருக்கா? ஓடி முடிச்சு நின்ன பிறகு வர்றதைக் கேக்கல, ஓடிக்கிட்டு இருக்கும்போதே?" "நெஞ்சு வலி? படபடப்பு?" எல்லாத்துக்கும் இல்லை என்றான். கடைசியாக அவன் அம்மாவிடம், "வீட்டுல சின்ன வயசுலயே திடீர்னு யாராவது இறந்திருக்காங்களாம்மா?" என்றார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் தம்பிங்க. இருபத்திரண்டு வயசு. நல்லா நீச்சல் தெரிஞ்சவன், கிணத்துல குதிச்சான், மேல வரல. காத்து கருப்பு அடிச்சிடுச்சுன்னு சொன்னாங்க" என்றார்கள்.

அப்புறம்தான் டாக்டர் காகிதத்தை எடுத்து, ஸ்கேல் வைத்து க்யூ தொடங்கும் இடத்திலிருந்து டி முடியும் இடம்வரை அளந்தார். ஏன் தெரியுமா? அந்த இடைவெளி பரம்பரையாகவே நீண்டிருக்கிற ஒரு கோளாறு உண்டு. அது இருப்பவர்களுக்கு நீந்தும்போதோ பயந்துபோகும்போதோ துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். நீச்சல் தெரிந்த ஒருவர் காரணமில்லாமல் மூழ்கினார் என்றால் அதுவும் இதய மருத்துவரிடம் சொல்ல வேண்டிய குடும்பச் செய்தி. காற்று கருப்பு என்று நாம் மூடி வைக்கிற எத்தனையோ கதைகளில் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும். துடிப்பு மெதுவாக இருந்தால் அந்த இடைவெளி இயல்பாகவே நீளும் என்பதால், நாடித்துடிப்புக்கு ஏற்றபடி திருத்திக் கணக்கிடுகிறார்கள். ஆண் வீரர்களுக்குத் திருத்திய கணக்கில் 470 மில்லிசெகண்டும் அதற்கு மேலும், பெண்களுக்கு 480-ம் அதற்கு மேலும் போனால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். இவனுக்கு 420 வந்தது. அதோடு விடாமல் அம்மாவுக்கும் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அவர்களுக்கும் சரியாகவே இருந்தது.

பிறகு எக்கோ. இதயச் சுவர் 11 மில்லிமீட்டர், சரியான அளவு. பிறகு டிரெட்மில்லில் ஓடவிட்டு ஈ.சி.ஜி. வேகம் ஏற ஏற 44 என்பது 60, 100, 170 என்று ஒழுங்காக ஏறியது. பி அலைக்கும் கோபுரத்துக்கும் நடுவே ஓய்வில் இருந்த நீண்ட தாமதமும் ஓடும்போது சுருங்கிவிட்டது. பிரேக்கை எடுத்ததும் வண்டி கிளம்புகிறது என்றால் கோளாறு வண்டியில் இல்லை. "போய் ஓடுப்பா" என்றார் டாக்டர். ஷூ அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது.

எது விளையாட்டால் வருவது, எது நோயால் வருவது என்று பிரிக்க உலக அளவில் மருத்துவர்கள் கூடி 2017-ல் வரையறை ஒன்றை வெளியிட்டார்கள். 12 முதல் 35 வயதுவரை உள்ள, தொந்தரவு எதுவும் இல்லாத, குடும்பத்தில் திடீர் மரணம் இல்லாத வீரர்களுக்கு அது பொருந்தும். 30 வரை இறங்கும் நாடித்துடிப்பு, மூச்சோடு சேர்ந்து கூடிக் குறையும் தாளம், மற்ற மாறுதல் இல்லாத உயரமான கோபுரம், கணுவில் வரும் லேசான தாமதம் எல்லாம் பயிற்சியின் அடையாளம். ஆனால் நெஞ்சின் இடது பக்க வரைபடங்களில் டி அலை தலைகீழாகக் கவிழ்ந்திருந்தால் எந்த வீரராக இருந்தாலும் விடக்கூடாது. சுவர் காரணமில்லாமல் தடிக்கிற பரம்பரை நோய்க்கு அது முக்கியமான தடயம். கறுப்பின வீரர்களில் நெஞ்சின் முன்பக்க வரைபடங்களில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தோடு டி அலை கவிழ்ந்திருந்தால் அது அவர்களுக்கு இயல்பே என்றும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அதாவது காகிதம் ஒன்றுதான். யாருடைய காகிதம் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. இந்த வரையறைகள் பெரும்பாலும் வெள்ளையர், கறுப்பர் வீரர்களை அளந்து எழுந்தவை. நம்ம நாட்டுப் பிள்ளைகளை இன்னும் நிறைய அளக்க வேண்டும் என்பது என் ஆசை.

வயசு 35-ஐத் தாண்டினால் கதையே வேறு. அப்போது முதல் எதிரி இதய ரத்தக் குழாய் அடைப்பு. ஓய்வில் எடுத்த ஈ.சி.ஜி. அதைப் பெரும்பாலும் காட்டிக் கொடுக்காது. விளையாட்டு விழாவில் ஆசிரியர்களுக்கான 100 மீட்டர் ஓட்டத்தில் நம்மைக் கைதட்ட வைக்கிற மாண்புமிகு ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்!

சரி, விளையாடுகிற எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுத்துவிடலாமே? இத்தாலி அதைத்தான் செய்தது. 1982 முதல் அங்கே போட்டி விளையாட்டில் இறங்க வேண்டுமென்றால் ஈ.சி.ஜி. கட்டாயம். வெனெட்டோ மாநிலத்தில் 1979-80-ல் வீரர்களிடையே திடீர் மரணம் ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 3.6 ஆக இருந்தது. 2003-04-ல் 0.4 ஆகக் குறைந்தது. இதைப் படித்ததும் எனக்கு உடனே எல்லா நாட்டுக்கும் சட்டம் போட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் இஸ்ரேலும் 1997-ல் சட்டம் போட்டது. அங்கே மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2011-ல் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் கேள்விகளும் உடல் பரிசோதனையும் போதும், எல்லோருக்கும் ஈ.சி.ஜி. கட்டாயம் வேண்டாம் என்று இதய மருத்துவ சங்கம் சொல்லிவந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1996 முதல் 2016 வரை 11,168 இளம் கால்பந்து வீரர்களுக்கு ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் எடுத்தார்கள். 42 பேருக்கு உயிரைப் பறிக்கக்கூடிய கோளாறு முன்கூட்டியே தெரிந்தது. ஆனால் பின்னால் இதயக் கோளாறால் இறந்த 8 பேரில் 6 பேருக்குச் சோதனையின்போது எல்லாமே சரியாக இருந்தது! பதினாறு வயதில் தெரியாத நோய் இருபதில் முளைக்கலாம். இதய ரத்தக் குழாய் பிறவியிலேயே தவறான இடத்திலிருந்து கிளம்பியிருந்தால் ஈ.சி.ஜி.யில் பெரும்பாலும் எதுவும் தெரியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெனெட்டோவில் சோதித்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் விளையாட்டிலிருந்து விலக்கப்பட்டார்கள். நம்ம மாதிரி வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டு என்பது வெறும் கோப்பை இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு ரயில்வே வேலை, ஒரு போலீஸ் வேலை, தங்கையின் கல்யாணம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. காகிதத்தைத் தவறாகப் படித்தால் ஓர் உயிர் போகலாம், ஒரு பிழைப்பும் போகலாம். அதனால் ஈ.சி.ஜி. எடுப்பதைவிட, எடுத்ததை விளையாட்டு உடம்பு தெரிந்தவர் படிப்பது முக்கியம் என்பது என் கட்சி. சில கோளாறுகளுக்கு நல்ல வைத்தியமும் உண்டு. இதயத்தில் பிறவியிலேயே ஒரு கூடுதல் மின்பாதை இருப்பவர்களுக்கு ஈ.சி.ஜி.யில் கோபுரத்தின் அடி சாய்ந்து தெரியும். தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு அந்தப் பாதையைச் சுட்டு அடைத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் மறுபடி மைதானத்துக்கு வந்துவிடலாம். ஷார்ட் சர்க்யூட்டை வெட்டிவிடுவது போலத்தான்.

2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில் கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தார். வயசு 28. பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது, நான் மேலே சொன்ன அந்தச் சுவர் தடிக்கும் நோய். 2012 மார்ச் 17 அன்று லண்டனில் ஃபாப்ரிஸ் முவாம்பா விழுந்தார். ஆட்டம் பார்க்க வந்திருந்த இதய டாக்டர் ஒருவர் மைதானத்துக்குள் ஓடினார். மின் அதிர்ச்சி 15 முறை. இதயம் தானாகத் துடிக்காமல் 78 நிமிடம். ஆனாலும் பிழைத்தார். அதே மார்ச் 21 அன்று, நான்கே நாள் கழித்து, பெங்களூரில் உள்ளூர் ஆட்டம் ஒன்றில் 27 வயதுக் கால்பந்து வீரர் ஒருவர் விழுந்தார். மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைக்கவில்லை. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தபோது உடனே மார்பை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிழைத்து, தோலுக்கடியில் ஒரு மின்கருவி பொருத்திக்கொண்டு மறுபடி விளையாட வந்தார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் கோலும் போட்டார்.

இதயம் தாறுமாறாகித் துடிப்பு நின்றுபோனால், மார்பை அழுத்தாமலும் அதிர்ச்சி கொடுக்காமலும் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகிறது. அந்த நேரத்தில் ஈ.சி.ஜி. காகிதம் பீரோவில் இருந்து என்ன பயன்? யாரும் மோதாமல், தடுக்கி விழாமல், ஒருவன் ஓடும்போதே சரிந்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். கூப்பிட்டுப் பாருங்கள். பதில் இல்லை, மூச்சு ஒழுங்காக இல்லை, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறான் என்றால் அது மூச்சில்லை. ஒருவர் 108-க்குப் போன் செய்ய, இன்னொருவர் நெஞ்செலும்பின் நடுவே இரண்டு கையையும் வைத்து 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். களைத்தால் ஆள் மாற்றுங்கள், நிறுத்தாதீர்கள். பெரிய மைதானங்களில் மாட்டி வைக்கிற ஏ.இ.டி. பெட்டி இதயத்தின் மின்தாளத்தைத் தானே படித்து அதிர்ச்சி வேண்டுமா என்று தானே முடிவு செய்யும். அதற்குள் இருப்பதும் ஒரு குட்டி ஈ.சி.ஜி.தான். நம்மிடம் அந்தப் பெட்டி இல்லை.

நம்ம மைதானத்தில் ஆம்புலன்ஸ் நுழையும் அகலத்தில் இருப்பது மேற்கு கேட் மட்டும்தான். சாயங்காலம் ஐந்தரைக்கு அதைப் பூட்டிவிடுகிறார்கள். நாம் ஓடுவதும் ஆடுவதும் ஐந்தரைக்கு மேல்தான். சாவி ஆபீஸ் பக்கம் வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கிறது. போய் வாங்கி வந்து திறக்க ஒன்பது நிமிடம் ஆகிறது, கடிகாரம் வைத்தே பார்த்தோம். இன்னொரு சாவி விளையாட்டுச் சாமான் அறையில் தொங்க வேண்டும் என்று மாணவர் பேரவைக்கு ஓட்டக்காரர்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதல் கையெழுத்து, நாடித்துடிப்பு 44 உள்ளவனுடையது.